பட்டாளம் போய் நட்சத்திரம் பார்த்த கதை

(முன்னாள் மாணவர் பக்கம்)



பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தேன். லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று பழைய வகுப்பறையை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உள்ளே நுழைந்தேன். நேராகத் தமிழய்யா கண்ணில் பட்டுவிட்டேன். "ஏம்ப்பா, நீ சிங்கப்பூர்ப் பட்டாளத்துல இருக்கியாமே! இந்த மாசம் சுவரிதழ்ல ஒரு தாள் காலியா கெடக்கு. துப்பாக்கி, டாங்கின்னு பசங்களுக்குப் பிடிச்ச மாதிரி எழுதிக் குடு" என்றார். எட்டாம் வகுப்பில் என் கட்டுரை நோட்டை ஒற்றுப்பிழைக்காகச் சிவப்பு மையில் குளிப்பாட்டியவர் அவர். மறுக்க முடியுமா?

ஆனால் துப்பாக்கி பற்றி எழுத முடியாது. பயிற்சியில் நடப்பதை வெளியே எழுதக்கூடாது என்பது விதி. அதனால் அங்கே நான் சும்மா நின்றிருந்த நேரத்தைப் பற்றி எழுதுகிறேன். எனக்கு உருப்படியாக ஏதாவது நடந்தது என்றால் அந்தச் சும்மா நின்ற நேரத்தில்தான்.

முதலில் ஒரு விளக்கம். நான் முழுநேரச் சிப்பாய் இல்லை. ஒரு கம்பெனியில் குளிர்சாதன எந்திரங்களைப் பராமரிக்கிற வேலை எனக்கு. எட்டாம் வகுப்பு முடிந்ததும் 2011ல் அப்பச்சியின் வேலை காரணமாக நாங்கள் சிங்கப்பூருக்குக் குடிபோனோம். அங்கே 1967ல் கொண்டுவந்த சட்டப்படி, குடியுரிமை உள்ள பையன்களும், என்னைப் போலப் பெற்றோர் வழியாக நிரந்தரவாசம் பெற்ற பையன்களும் இரண்டு வருடம் பட்டாளத்தில் இருந்தாக வேண்டும். அதற்குத் தேசிய சேவை என்று பெயர். நான் 2018ல் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு தெக்கோங் தீவுக்குப் போனேன். 2020ல் வெளியே வந்தேன். வெளியே வந்தால் விட்டுவிடுவார்களா? அதுதான் இல்லை. அதன்பிறகும் பத்துச் சுற்று வரை ரிசர்வ் சேவை உண்டு. வருடத்துக்கு அதிகபட்சம் 40 நாள் கூப்பிடலாம். கடிதம் வந்தால் கம்பெனிச் சட்டையைக் கழற்றிவிட்டுப் பச்சைச் சட்டையை மாட்ட வேண்டியதுதான். நம் நாட்டில் இதற்குக் கொஞ்சம் கிட்டே வருவது 1949ல் தொடங்கிய பிரதேச ராணுவம். ஆனால் அது விரும்பிச் சேர்வது. இது கட்டாயம்.

ரிசர்வ் பட்டாளத்தில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பக்கத்துக் கட்டிலில் யார் இருப்பார்கள் என்று சொல்லவே முடியாது. பேங்க் ஆபீசர், டாக்சி ஓட்டுநர், நூடுல்ஸ் கடைக்காரர் மகன், எல்லாரும் ஒரே வரிசையில் தட்டேந்தி நிற்போம். எங்கள் பிளட்டூனில் ஒரு சீன நண்பர் இருந்தார். வெளியே அவர் உயர்நிலைப் பள்ளி இயற்பியல் வாத்தியார். வாத்தியார் என்றாலே எனக்குப் பழைய பயம். முதல் இரண்டு நாள் அவரிடம் பேசவே இல்லை!

2023 அக்டோபரில் எங்களை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். அதுதான் என் முதல் வெளிநாட்டுப் பயணம். சிங்கப்பூருக்குப் போனது குடிபோனது. அதைப் பயணக் கணக்கில் சேர்க்க மாட்டேன். காரைக்குடிக்கு வருவது வீட்டுக்கு வருவது. ஆக, பாஸ்போர்ட்டை நீட்டி 'ஊர் பார்க்க' இறங்கிய முதல் மண் ஆஸ்திரேலியாதான். அதுவும் முதுகில் மூட்டை, காலில் பூட்ஸ்!

கிளம்பும் முன்பு ஐயாவுக்குப் போன் போட்டேன். (எங்கள் வீட்டில் அப்பச்சியைப் பெற்றவர் ஐயா, அவர் வீட்டுக்காரி அப்பத்தா.) ஐயாவுக்குக் கண்ணில் நீரழுத்த நோய் வந்து, பார்வை போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. காது மட்டும் கூர்மை. நான் ஆஸ்திரேலியா என்றதும், "தெக்கே போறியா? அப்ப ராத்திரியில சிலுவை மாதிரி நாலு வெள்ளி தெரியும் பாரு. ரஜூலாவுல போறப்ப பாத்துருக்கேன்" என்றார்.

ரஜூலா என்பது கப்பல். 1926ல் கட்டியது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வரைக்கும் 1973 வரை ஓடியது. நம் பக்கத்து ஆட்கள் எத்தனை ஆயிரம் பேர் அதில் போய் வந்தார்களோ! ஐயா 1958ல், பதினஞ்சு வயசில், அவர் அப்பச்சியோடு போனார். அப்பச்சி மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கியில் இருந்தவர். இவர் பெட்டியடிப் பையன். கேபின் எடுக்க வசதியில்லை. மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து வந்தார்கள். சித்திரை கழிந்த மாசம், புழுக்கம். தூக்கம் வராமல் மல்லாந்து கிடந்தால் வானம்தானே தெரியும்.

பக்கத்தில் சித்தப்பா குரல் கேட்டது. "இதையே நேத்தும் சொன்னாக. மறதி ஜாஸ்தியாயிருச்சுப்பா" என்றார். நான் "சரிங்கய்யா" என்று வைத்துவிட்டேன்.

ராக்ஹாம்ப்டன் என்ற ஊரில் இறங்கினோம். அங்கிருந்து ஷோல்வாட்டர் பே என்ற பயிற்சிக் காடு. 1990 முதல் சிங்கப்பூர்ப் பட்டாளம் அங்கே போய்ப் பழகுகிறது. சிங்கப்பூரில் ஒரு பீரங்கியைத் திருப்பினால் யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறை வந்துவிடும். அந்தக் காடு சிங்கப்பூரைப் போல நாலு மடங்குக்கும் மேல் பெரியது! யூகலிப்டஸ் மரங்கள், ஆள் உயரக் கரையான் புற்றுகள், சாயங்காலம் தூரத்தில் நின்று நம்மை வேடிக்கை பார்க்கும் கங்காருகள். புற்றைப் பார்த்ததும் நம் ஊர் ஞாபகம்தான். மஞ்சளும் முட்டையும்தான் இல்லை.

இப்போது கதைக்கு வருகிறேன்.

ஒரு ராத்திரி சென்ட்ரி டியூட்டி. பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை எனக்கும் இயற்பியல் வாத்தியாருக்கும். அமாவாசைக்கு மறுநாளோ என்னவோ, நிலா இல்லை. விளக்கு வைக்கக்கூடாது. வரைபடம் பார்க்க வேண்டுமானால் சிவப்புக் கண்ணாடி போட்ட டார்ச் மட்டும். நான் முதலில் தலையைத் தூக்கியே பார்க்கவில்லை. குளிர். எப்போது ஒரு மணி ஆகும் என்பதுதான் நினைப்பு.

தற்செயலாகத் தெற்கே பார்த்தேன். மரத்துக்கு மேலே வெள்ளையாக இரண்டு மேகத் துண்டு. ஒன்று பெரிது, ஒன்று சின்னது. மழை வருமோ, பொஞ்சோவை எடுக்கணுமோ என்று கவலை. காற்று நன்றாக வீசுகிறது. கால் மணி கழித்துப் பார்த்தேன். அதே இடம். அரை மணி கழித்துப் பார்த்தேன். நட்சத்திரங்கள் எவ்வளவு நகர்ந்தனவோ அவ்வளவுதான் அவையும் நகர்ந்திருந்தன. மேகம் காற்றோடு போகாமல் நட்சத்திரத்தோடு போகுமா? எனக்கு முதுகு சில்லிட்டுவிட்டது. மெதுவாக வாத்தியாரிடம், "அந்த மேகம் ஏன் நகரவில்லை?" என்றேன்.

அவர் சிரித்தார். "அது மேகமே இல்லை. இன்னொரு நட்சத்திர மண்டலம்" என்றார்.

அவற்றுக்கு மெகல்லன் மேகங்கள் என்று பெயர். 1519ல் உலகைச் சுற்றக் கிளம்பிய மெகல்லன் பெயரை வைத்திருக்கிறார்கள். பெயர்தான் மேகம், உண்மையில் நம் பால்வீதிக்குப் பக்கத்துவீட்டு மண்டலங்கள். பெரியது சுமார் 1,60,000 ஒளியாண்டு தூரம். சின்னது சுமார் 2,00,000. பெரியதில் 1987 பிப்ரவரியில் ஒரு நட்சத்திரம் வெடித்ததை வெறும் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்கள். அது உண்மையில் வெடித்து 1,60,000 வருடம் ஆகிவிட்டது, வெளிச்சம் வந்து சேர அவ்வளவு காலம் என்றார் வாத்தியார். நான் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு 'ஆ' என்று நின்றேன். ஒரு மணி ஆனதும், மாற்ற வந்தவனிடம், "இன்னும் கொஞ்ச நேரம் நிக்கட்டுமா?" என்று கேட்டேன். ரிசர்வ் பட்டாளத்தில் இப்படி ஒருவன் கேட்டதே கிடையாது என்று அவன் மறுநாள் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

அதிலிருந்து தினம் ராத்திரி எனக்கு அதே வேலை. ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். இருட்டில் எதிரியைப் பார்ப்பதற்குப் பட்டாளத்தில் ஒரு பாடம் உண்டு: பொருளை நேராகப் பார்க்காதே, கொஞ்சம் ஓரமாகப் பார். ஏனென்றால் மங்கிய வெளிச்சத்தை உணரும் செல்கள் கண்ணின் நடுவில் இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன. கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், நடுவில் ஒரு வெள்ளை விளக்கைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. அதனால்தான் சிவப்பு டார்ச். இவ்வளவும் எனக்கு 2018லேயே அத்துப்படி. நட்சத்திரம் பார்ப்பவர்களும் இதே வித்தையைத்தான் செய்கிறார்கள் என்பது மட்டும் தெரியாது! ஓரக்கண்ணால் பார்த்தபோது அந்தச் சின்ன மேகம் இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

ஐயா சொன்ன சிலுவையை மட்டும் காணவில்லை. ஆஸ்திரேலியாக் கொடியிலேயே அந்த நட்சத்திரங்கள் இருக்கின்றன. அந்த நாட்டுக்கே போய் அதைப் பார்க்காமல் வருவதா? வாத்தியாரைக் கேட்டால், "அக்டோபரில் வந்து கேட்கிறாயே! இந்த மாசம் அது பொழுது சாயும்போதே மரத்துக்குப் பின்னால் இறங்கிவிடும். விடியும் முன்பு மறுபடி ஏறும்" என்றார். விடியும் முன்பு நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டு நடந்துகொண்டிருப்போம், அதுவும் அடர்ந்த மரங்களுக்கு நடுவே. ஊருக்குப் போன் போட்டபோது, "ஐயா, நீங்க சொன்னது தெரியல" என்றேன். "ஓ" என்றார். அவ்வளவுதான். அந்த 'ஓ' எனக்கு என்னவோ போலிருந்தது.

கடைசி நாள் ராக்ஹாம்ப்டனில் ஊர் சுற்ற விட்டார்கள். அங்கே மகர ரேகை போகிற இடத்தில் அடையாளத் தூண் நட்டிருக்கிறார்கள். இந்தப் பள்ளியின் புவியியல் வகுப்பில் தெற்கே 23½ டிகிரி என்று மனப்பாடம் செய்தேனே, அந்த ரேகை! எல்லாரும் மாட்டிறைச்சி சாப்பிடப் போனார்கள். நான் தூணைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். கோடு எதுவும் தெரியவில்லை!

சிங்கப்பூர் திரும்பியதும் முதல் சம்பளத்தில் ஒரு பைனாகுலர் வாங்கினேன். 10x50 என்று சொல்வார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 50 மில்லிமீட்டர் அகலம். நட்சத்திரம் பார்க்கப் பழகுகிறவனுக்கு அதுவே போதும். ஆத்தா கேட்ட முதல் கேள்வி, "எதுத்த பிளாக்குல யாரும் தப்பா நெனைக்கப் போறாக!" நியாயமான கேள்விதான்.

வாங்கிவிட்டேனே தவிர, சிங்கப்பூரில் பார்க்க என்ன இருக்கிறது? நிலா, வியாழன், பத்துப் பதினைந்து நட்சத்திரம். 2016ல் உலகம் முழுக்க இரவு வெளிச்சத்தை அளந்து ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். அதில் வெளிச்ச மாசு அதிகமான நாடாக வந்தது சிங்கப்பூர்தான். அங்கே யாருடைய கண்ணும் முழுசாக இருட்டுக்குப் பழகவே முடியாத அளவுக்கு வானம் வெளுத்திருக்கிறதாம். பன்னிரண்டு வருடம் அந்த ஊரில் இருந்தும் நான் ஒருநாளும் தலையைத் தூக்கிப் பார்க்காததற்கு அது ஒரு காரணம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அதற்கு முந்தைய பதின்மூன்று வருடம் நம்ம ஊரில் இருந்தேனே! அப்போது ஐயாவுக்குக் கண் நன்றாக இருந்தது. ராத்திரி கரண்டு போனால் மொட்டை மாடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, "அது ஆறாமீன், அது அகத்தியர்" என்று காட்டுவார். நான் என்ன செய்தேன் தெரியுமா? கரண்டு எப்ப வரும், டிவியில் மேட்ச் என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

2024 மே மாதம் லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். கணக்குப் பார்த்துத்தான் வந்தேன். மே 8 அமாவாசை. தெற்குச் சிலுவை மே மாதத்தில் ராத்திரி ஒன்பதரை வாக்கில் நமக்கு நேர் தெற்கே உச்சிக்கு வரும். எங்கள் வீடு தேவகோட்டைச் சாலையில் இருந்து உள்ளே தள்ளிய கிராமம். தெற்கே கண்மாய், அதற்கப்பால் பொட்டல். முற்றத்தில் நின்றால் சதுரமாக ஒரு துண்டு வானம்தான். மாடிக்கு ஏறினால் நாலு பக்கமும் திறந்து கிடக்கும்.

வீட்டில் அப்போது ஒரு சின்னப் பிரச்சினை ஓடிக்கொண்டிருந்தது. பெட்டகத்துச் சாவிக்கொத்து ஐயா இடுப்பில்தான் எப்போதும் இருக்கும். "கண்ணும் தெரியல, மறதியும் வந்துருச்சு, எங்கயாவது போட்டுட்டா என்ன செய்றது" என்று சித்தப்பா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கோபமாக ஒன்றும் இல்லை, நிதானமாகத்தான் கேட்டார். ஐயா பதிலே சொல்லவில்லை. சாப்பிடும்போதுகூட ஒரு கையால் சாவியைத் தொட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு யார் பக்கம் பேசுவது என்று தெரியவில்லை. சித்தப்பா சொல்வதிலும் உண்மை இருந்தது. நான் சாப்பிட்டுவிட்டேனா என்று ஒரே சாயங்காலத்தில் ஐயா என்னை மூன்று தடவை கேட்டார்.

முதல் இரண்டு ராத்திரியும் கோடை மேகம். மூன்றாம் நாள் வானம் கழுவி விட்ட மாதிரி இருந்தது. நான் பைனாகுலரோடு கிளம்பினேன். "நானும் வாரேன்" என்று ஐயா எழுந்துவிட்டார். அப்பத்தா கத்தினார்: "ஒங்களுக்கு என்ன தெரியப் போவுது, படியில உருண்டா யாரு பாக்குறது?" ஐயா காதில் வாங்கவில்லை. குறுகலான படி. நான் முன்னால், அவர் கை என் தோளில், சித்தப்பா பின்னால். இருபத்திரண்டு படியையும் ஐயா எண்ணிக்கொண்டே ஏறினார்.

மேலே வந்து நின்றதும், "அகத்தியர் எறங்கிட்டாரா?" என்றார்.

மேற்கே பார்த்தேன். அகத்தியர் நட்சத்திரம் அப்போதுதான் தென்மேற்கில் மறைந்திருந்தது. "எறங்கிட்டாருங்கய்யா."

"அப்ப சிலுவை வந்துருக்கும்."

வந்திருந்தது. கண்மாய்க்கு மேலே, தந்திக் கம்பிக்குக் கொஞ்சம் மேலே, நாலு நட்சத்திரம், நட்ட சிலுவை போல. இடப்பக்கம் கீழே பளிச்சென்று இரண்டு. அந்த இரண்டில் சற்றுத் தள்ளி இருப்பதுதான் ஆல்பா சென்டாரி. சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரக் குடும்பம், சுமார் 4.3 ஒளியாண்டு. அதற்கு மேலே பைனாகுலரைத் திருப்பினால் ஒரு பஞ்சுத் துண்டு, லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் ஒன்றாக அடைந்து கிடக்கும் ஒமேகா சென்டாரி. ஆஸ்திரேலியாவில் கிடைக்காத சிலுவை எங்கள் வீட்டு மாடியில்! நான் பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். ஐயா தெற்குப் பக்கம் முகத்தைத் திருப்பி நின்று கேட்டார். பிறகு கையை நீட்டி, "இந்தா, இங்கன இருக்கா?" என்று காட்டினார்.

திசை அப்படியே சரி. உயரம் மட்டும் தப்பு. சிலுவைக்கு மேலே, வெற்று வானத்தைக் காட்டினார்.

கையை நீட்டி முஷ்டியை மடக்கினால், அந்த முஷ்டியின் அகலம் வானத்தில் சுமார் 10 டிகிரி. சிலுவை கண்மாய்க்கு மேலே இரண்டு முஷ்டி உயரத்தில் இருந்தது. ஐயா காட்டியது மூன்றாவது முஷ்டியை. நான் அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கி, "இல்லைங்கய்யா, இங்க" என்றேன்.

"இல்லியே, இன்னும் ஒசரத்துல இருக்குமே" என்றார்.

"இல்லைங்கய்யா, நான் பாத்துக்கிட்டுத்தானே சொல்றேன்."

சித்தப்பா என்னைப் பார்த்து ஒன்றும் பேசாமல் தலையை மட்டும் ஆட்டினார். ஐயா கையைத் தொங்கவிட்டுக்கொண்டார். இறங்கும்போது படிகளை எண்ணவில்லை.

லீவு முடிந்து சிங்கப்பூர் போனேன். ஜூன் முதல் வாரம் ஒரு ராத்திரி, ஒன்பது மணி இருக்கும், ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்குப் போனேன். தெற்கே கடல். நங்கூரம் போட்ட கப்பல்களின் விளக்கு வரிசை. வானம் வழக்கம்போல வெளுத்துத்தான் கிடந்தது. ஆனாலும் சிலுவையின் பெரிய நட்சத்திரங்கள் மங்கலாகத் தெரிந்தன. பழக்கதோஷத்தில் கையை நீட்டி முஷ்டியால் அளந்தேன். ஒன்று. இரண்டு. சிலுவை அங்கே இல்லை. மூன்றாவது முஷ்டியில் இருந்தது.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இதை நம் புவியியல் பாடத்திலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், தம்பிகளா! தெற்கே ஒரு டிகிரி போனால் தெற்கு நட்சத்திரம் ஒரு டிகிரி ஏறும், வடக்கு நட்சத்திரம் ஒரு டிகிரி இறங்கும். காரைக்குடி 10 டிகிரி வடக்கு. சிங்கப்பூர் ஒரு டிகிரியும் கொஞ்சமும். வித்தியாசம் கிட்டத்தட்ட 9 டிகிரி, அதாவது ஒரு முஷ்டிக்குக் கொஞ்சம் குறைவு. நம்ம ஊரில் சுமார் 20 டிகிரி உயரத்தில் இருப்பது அங்கே சுமார் 29 டிகிரி. ஐயா காட்டிய உயரம் நம்ம ஊர் மாடியிலிருந்து பார்க்கிற உயரம் இல்லை. ரஜூலா கப்பல் சிங்கப்பூரை நெருங்கிய ராத்திரி, மேல்தட்டில் பாயில் கிடந்து அவர் பார்த்த உயரம். அறுபத்தாறு வருடம் கழித்து, கண் தெரியாமல், ஒரு விரல்கடை பிசகாமல் காட்டியிருக்கிறார். நான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டேன்.

அங்கேயே மணலில் உட்கார்ந்து போன் போட்டேன். சித்தப்பா எடுத்தார். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். கணக்கை எல்லாம் விளக்கினேன். "ஐயா, நீங்க காட்டுன எடம் சரிதான். அது சிங்கப்பூர்ல தெரியுற எடம்" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நான் அதைத்தானே காட்டுனேன். நீதான் கண்மாயைப் பாத்துக்கிட்டு நின்னே" என்றார் ஐயா.

சித்தப்பா, "எனக்கு ஒன்னும் வெளங்கல. ஆனா நீ இவ்வளவு நேரம் போன்ல பேசி இன்னிக்குத்தான் கேக்குறேன்" என்றார். சாவிப் பேச்சு அதோடு நின்றுவிட்டது என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். நிற்கவில்லை. போன தீபாவளிக்குச் சித்தப்பா ஒரு மாற்றுச் சாவி செய்து தன் பக்கம் ஒன்று வைத்துக்கொண்டார். பழைய கொத்து ஐயா இடுப்பில் இருக்கிறது. இப்போதும் ஐயா என்னைச் சாப்பிட்டாயா என்று மூன்று தடவை கேட்கிறார். நானும் மூன்று தடவை பதில் சொல்கிறேன்.

நீங்களும் ஒன்று செய்து பாருங்கள். வடக்கே கையை நீட்டி அடிவானத்துக்கு மேல் ஒரே ஒரு முஷ்டி அளவெடுத்தால், அங்கே சுமாரான வெளிச்சத்தில் தனியாக ஒரு நட்சத்திரம் இருக்கும். அதுதான் துருவ நட்சத்திரம். நாம் எத்தனை டிகிரி வடக்கே இருக்கிறோமோ அத்தனை டிகிரி உயரத்தில் அது நிற்கும். எந்தக் கருவியும் வேண்டாம், முஷ்டி போதும். சிலுவைக்கு மே மாதம் வரை காத்திருங்கள். பரீட்சை முடிந்து லீவுதானே! பார்த்தவர்கள், பள்ளி திறந்ததும் எந்த ஊர், எத்தனை முஷ்டி என்று எழுதித் தமிழய்யாவிடம் கொடுங்கள். எனக்கு அனுப்பி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இந்தப் பொங்கலுக்கு நான் வந்தது வேறொன்றைத் தேடி. ஆஸ்திரேலியாவில் பார்த்த அந்தப் பெரிய நகராத மேகம் தை மாதத்தில் ராத்திரி பத்து மணி வாக்கில் நமக்கும் தெற்கே எழும். கணக்குப்படி உச்சத்தில் ஒரே ஒரு முஷ்டி உயரம்தான். கண்மாய்க் கரையை ஒட்டி. நேற்று முன்தினம் நானும் ஐயாவும் மாடிக்குப் போனோம். ஐயா கம்பளியைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். அகத்தியர் நல்ல உயரத்தில் பளபளவென்று இருந்தார். அவருக்குக் கீழே ஓரக்கண்ணால் தேடினேன். தைப்பனி கண்மாய் முழுக்கப் படர்ந்து கிடந்தது.

"தெரியுதா?"

"பனிதான் தெரியுதுங்கய்யா."

"இன்னுங் கொஞ்ச நேரம் பாரு" என்றார். "எனக்கு ஒன்னும் அவசரம் இல்ல."

அன்புடன்,
முன்னாள் மாணவன்,
எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு (2010–11)